சில்லு சூடாகிறது, இன்னும் கிறீஸ் அடிக்கலாமா?

கேள்வி: தம்பி, நான் மல்லாவியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். கனடாவில் உள்ள மகன் குடும்பத்தோடு வரும் வருடங்களில் மடு மாதா கோவிலுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவது எங்கள் வழக்கம். அதற்கென்று பழைய வாகன அக்சில் ஒன்றைப் போட்டு இரண்டு சில்லுப் பெட்டி செய்வித்து, மருமகனின் பிக்கப்பின் பின்னால் இழுத்துப் போகிறோம். தறப்பாள், பாய், சமையல் சாமான், தண்ணீர்த் தாங்கி எல்லாம் அதில்தான். மகனிடமும் அங்கே ஒரு கம்பிங் ட்ரெயிலர் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பெயாரிங்குக்குக் கிறீஸ் போட வேண்டும் என்று அவர் சொன்னார். அதனால் சில்லின் நடுக் குடமான ஹப்பின் நடுவில் துளையிட்டு, கிறீஸ் அடிக்கும் வாயான நிப்பிள் பூட்டுவித்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் கிறீஸ் கன்னால் நிறைய அடித்தும் வந்தேன். சென்ற மாரியில் முற்றத்தில் நின்ற பெட்டியின் சில்லுகள் மூன்று நாள் பாதி தண்ணீரில் இருந்தன. ஆடித் திருவிழாவுக்குப் புறப்படும்போது இடது சில்லு ஆடியது, நட்டை இறுக்குவித்தேன். மடுவில் இறங்கிப் பார்த்தால் இடது ஹப்பில் கை வைக்க முடியவில்லை. ரிம்மின் உட்பக்கமெல்லாம் கிறீஸ் தெறித்திருந்தது. வரும் வழியில் 'கர கர' என்ற சத்தமும் கேட்டது. வலது பக்கம் இளஞ்சூடுதான். ஆவணித் திருவிழாவுக்கும் போக வேண்டும். கிறீஸ் போதாமலா இப்படி ஆனது? இன்னும் அடிக்கலாமா? எந்தக் கிறீஸ் நல்லது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

பதில்: மாஸ்டர், அந்தப் பெட்டியை இனி ஒரு மைல்கூட இழுக்க வேண்டாம். கராஜுக்குக் கொண்டுபோவதற்காகவும் வேண்டாம். இடது ஹப்பைக் கழற்றிப் பார்க்கும்வரை முற்றத்திலேயே நிற்கட்டும். கரகரக்கத் தொடங்கிய பெயாரிங் இன்னும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. அது இறுகிப் பிடித்துவிட்டால் அக்சில் முனையைத் தின்னத் தொடங்கும். பிறகு ஹப்போடு சேர்ந்து சில்லு கழன்று தன் பாட்டில் ஓடும். அந்த நேரம் பின்னால் வருவது மோட்டார் சைக்கிளில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளுமாக இருக்கலாம்.

இனி உங்கள் கேள்வி. கிறீஸ் போதாமல் இது நடக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த ஹப்புக்குள் தேவைக்கு மேலேயே கிறீஸ் இருக்கிறது; போன மாரியின் தண்ணீரும் கூடவே இருக்கிறது. கிறீஸ் கன் புதுக் கிறீஸை உள்ளே தள்ளும், அவ்வளவுதான். முன்பே உள்ளே போன தண்ணீரையும் மணலையும் அது வெளியே எடுக்காது. கழற்ற வேண்டும், கழுவ வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கிறீஸ்.

சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். முன் சில்லைக் கழற்றி, கப்பில் கிறீஸ் பூசி, குண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, கோனை வைத்து இறுக்கியிருப்பீர்கள். கோன் கூட இறுகினால் சில்லு கனக்கும், குண்டு உடையும். தளர்ந்தால் சில்லு ஆடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. அதை விரல்தான் கண்டுபிடிக்கும். உங்கள் பெட்டியின் ஹப்பும் அதே கப், அதே கோன்தான். குண்டுக்குப் பதிலாக ஒரு முனை சிறுத்த ரோலர்கள் இருக்கும். ஒவ்வொரு ஹப்பிலும் இரண்டு பெயாரிங்: உட்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. கப் ஹப்புக்குள் அடித்து இறுக்கப்பட்டிருக்கும். ரோலர்களைச் சுமக்கும் கோன் அக்சிலில் வழுக்கி ஏறும். உள் பெயாரிங்குக்கு அப்பால் ஒயில் சீல் என்ற இறப்பர் உதடு ஒன்று அக்சிலைச் சுற்றி அணைத்தபடி நிற்கும். வெளிமுனையில் தகர மூடி. கிறீஸை உள்ளேயும் கிரவல் தூசியையும் தண்ணீரையும் வெளியேயும் வைத்திருப்பது இந்த இரண்டும்தான்.

சீல் தெறிக்கும் நீரைத் தடுக்கும். மூன்று நாள் மூழ்கிக் கிடப்பதற்கு அது செய்யப்பட்டதல்ல. உள்ளே போன தண்ணீர் கிறீஸோடு கலந்து, பால் விட்ட தேநீர் மாதிரி ஆகிவிடும். அந்தக் கலவைக்கு ரோலரையும் கப்பையும் பிரித்து வைக்கும் பலம் கிடையாது. பெட்டி அசையாமல் நின்றதால் பாரம் தாங்கும் கீழ்ப்பக்க ரோலர்கள் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்திருக்கும். அவை தொட்ட கோடுகளில் துரு பிடித்திருக்கும். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றது உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வடிந்து இரண்டு மாதத்துக்குள் என்னிடம் வந்த லாண்ட் மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டிகளில் ரோலர் இடைவெளிக்கு ஏற்றபடி கறுத்த கோடுகளைத்தான் திரும்பத் திரும்பக் கண்டேன். அளவுகோலால் கீறியதுபோல இருக்கும். வந்தவர்கள் எல்லோரும் "வெள்ளம் வடிந்ததும் கிறீஸ் அடித்தேனே" என்றுதான் சொன்னார்கள்.

நீங்கள் அடித்த கிறீஸ் எங்கே போனது என்றும் சொல்ல வேண்டும். நிப்பிள் ஹப்பின் நடுவில் இருப்பதால் இரண்டு பெயாரிங்குக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை அது முதலில் நிரப்பியது. நிரம்பிய பிறகும் கன் அழுத்தத்தோடு தள்ளிக்கொண்டே இருந்தது. அழுத்தம் எப்போதும் பலவீனமான வாசலைத் தேடும். அங்கே பலவீனமானது சீலின் உதடுதான். ரிம்மின் உட்பக்கம் நீங்கள் கண்ட கிறீஸ் அந்த வழியால் வந்தது. சீல் போய்விட்டால் வழியெல்லாம் கிளம்பும் தூசி நேரே உள் பெயாரிங்குக்குள் போகும். இன்னொன்றும் உண்டு: முழுக்க நிரம்பிய ஹப்பில் கிறீஸ் கடையப்படும்போதே சூடேறும். சூடேறினால் விரியும், விரிய இடம் இருக்காது. உங்கள் பெட்டியில் பிரேக் இருப்பதாக எழுதவில்லை. இருந்திருந்தால் இந்தக் கிறீஸ் முழுவதும் பிரேக் சப்பாத்தில் போய் ஒட்டியிருக்கும்.

ஆனால் அன்றைய சூட்டுக்கு நேரடிக் காரணம் நட்டை இறுக்கியதுதான் என்று நினைக்கிறேன். சில்லு ஆடியது பெயாரிங் தேய்ந்துவிட்டதற்கான அடையாளம். இறுக்கியதும் ஆட்டம் நின்றது. தேய்மானம் அப்படியே இருந்தது. தேய்ந்து துருப்பிடித்த ரோலர்களைக் கப்போடு நெருக்கி வைத்து மடு வரை ஓட்டியிருக்கிறீர்கள்.

இந்தப் பிழையை நானும் செய்திருக்கிறேன். தொழில் பழகிய தொடக்கத்தில், நெல் ஏற்றும் பெட்டி ஒன்றுக்குப் பெயாரிங் போடச் சொன்னார்கள். நட்டை நீளச் சாவி போட்டு முழுப் பலத்தோடு இறுக்கிவிட்டு, நல்ல வேலை செய்ததாக நினைத்தேன். ஒட்டுசுட்டானைத் தாண்டுமுன் சில்லு கழன்று காட்டுக்குள் போய்விட்டது. பெட்டி ஒரு பக்கம் சரிந்து மூட்டைகள் வீதியில் கிடந்தன. யாருக்கும் காயமில்லை. என் குரு என்னை ஏசவில்லை. அன்றிரவு அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் சைக்கிள் சில்லு ஒன்றை என் மடியில் வைத்து, கோனை இறுக்கியும் தளர்த்தியும் நூறு தடவை சுழற்றச் சொன்னார். எந்த இடத்தில் சில்லு தானாக ஓடுகிறது என்று என் விரலே சொல்லும்வரை விடவில்லை. இன்றைக்கும் நட்டைத் தொடும்போது அந்தச் சில்லுதான் கையில் தெரிகிறது.

சரி, வேலைக்கு வருவோம். இதை மருமகனும் நீங்களும் வீட்டிலேயே செய்யலாம். காலை வெயில் ஏறுமுன் தொடங்குங்கள்.

பெட்டியைப் பிக்கப்போடு கொழுவியபடியே வைத்து, மற்றச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். நட்டுகளைச் சில்லு நிலத்தில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். நம் மண் மாரிக்குப் பிறகு மேலே காய்ந்து உள்ளே இளகி இருக்கும். அதனால் ஜக்கின் கீழே அகலமான பலகை ஒன்று கட்டாயம். தூக்கியதும் அக்சிலின் கீழே மரக்கட்டை அடுக்கிப் பாரத்தைக் கட்டையில் இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே நீட்ட வேண்டாம்.

கழற்றுமுன் ஒரு சோதனை. சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு ஒரு கையால் சுழற்றி, மற்றக் கையை வில்லுத் தகட்டில் வையுங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்பும் அந்தத் தகட்டு வழியே உள்ளங்கைக்குத் தெரியும். வலது பக்கத்தையும் இப்படிப் பார்த்து வித்தியாசத்தை உணர்ந்துகொள்ளுங்கள்.

தகர மூடியைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றி, நட் தானாகத் திரும்பாமல் தடுக்கும் கொட்டர் பின்னை உருவி, நட்டையும் வாசரையும் எடுத்துவிட்டு ஹப்பை மெதுவாக இழுங்கள். வெளிப் பெயாரிங் மணலில் விழுந்துவிடாமல் கட்டைவிரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய சீலை நெம்பி எடுத்துவிடுங்கள். அதைத் திரும்பப் போடக் கூடாது, கொட்டர் பின்னையும் கூடாது. இரண்டும் மலிவான சாமான்; இரண்டில் எது பிசகினாலும் பெரிய பெயாரிங் போகும்.

பழைய கிறீஸை உடனே துடைக்காமல் ஒரு கிள்ளு எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். வெளிறிப் பால் போலிருந்தால் தண்ணீர். நெருநெருவென்றால் மணல். வெயிலில் பிடிக்கும்போது மினுமினுத்தால் உருக்குத் தூள், அதாவது பெயாரிங் தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது. கறுத்துக் கருகிய மணம் வந்தால் மிதமிஞ்சிய சூடு. உங்கள் ஹப்பில் இந்த நாலும் ஒன்றாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கழுவ மண்ணெண்ணெய் போதும். பெற்றோல் வேண்டாம், தீப்பிடிக்கும். ஒரு பழைய தகரத்தில் அரை லீற்றர் ஊற்றி, பல் தூரிகையால் ரோலர்களின் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, புது மண்ணெண்ணெயில் இரண்டாம் முறையும் அலசுங்கள். அப்புறம் நன்றாகக் காய வேண்டும். மண்ணெண்ணெய் ஈரம் இருந்தால் புதுக் கிறீஸை அது இளக்கிவிடும். கொம்பிரசர் காற்றை அடித்துப் பெயாரிங்கை 'விர்' என்று சுழற்றிக் காயவைக்கும் பழக்கம் சில கராஜ்களில் உண்டு. பிள்ளைகள் பக்கத்தில் நின்று ரசிப்பார்கள். மிக ஆபத்தான விளையாட்டு அது. ரோலர்களைப் பிடித்திருக்கும் கூடு உடைந்தால் அவை சன்னம் மாதிரிப் பறக்கும். கழுவிய அழுக்கைத் தகரத்தில் சேர்த்து வையுங்கள், கிணற்றடியில் ஊற்றிவிட வேண்டாம்.

இப்போதுதான் முக்கியமான பார்வை. காய்ந்த கோனை வெளிச்சத்தில் பிடித்து ரோலர்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள். ஹப்புக்குள் இருக்கும் கப்பையும் துடைத்துவிட்டு விரல் நகத்தை மெதுவாக அதன்மேல் ஓட்டுங்கள். நகம் எங்கும் தடுக்கக் கூடாது. அம்மை வடு மாதிரிச் சிறு குழிகள் இருந்தால் உருக்கின் மேல் தோல் உரியத் தொடங்கிவிட்டது. ரோலர் இடைவெளியில் கறுத்த கோடுகள் தெரிந்தால், நான் மேலே சொன்ன தண்ணீர்த் துரு. கோனிலோ ரோலரிலோ நீலமோ மரநிறமோ ஏறியிருந்தால், சூட்டில் உருக்கின் பதமே போய்விட்டது என்று அர்த்தம். நிறம் மட்டும் மாறி, தொட்டால் வழுவழுப்பாக இருந்தாலும் அது இனி உதவாது. கூடு நசிந்து ரோலர்கள் கலகலத்தாலும் அப்படித்தான். மங்கலான சாம்பல் நிறம் மட்டும் ஒரே சீராக இருந்தால் பயப்பட வேண்டாம், அது வயது.

பழுது கண்டால் கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை விட்டுவைக்கிற வேலையைச் செய்ய வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. புதுக் கோன் பழைய கப்பில் சில மாதத்திலேயே கெட்டுவிடும். கடைக்குப் போகும்போது பழைய பெயாரிங், பழைய சீல் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். பெயாரிங்கின் முகப்பில் இலக்கம் வெட்டியிருக்கும். 30205, 30206, 32206 போன்ற மில்லிமீற்றர் வகை இலக்கமாக இருந்தால், கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்குங்கள்: 06 என்றால் உள் துளை 30 மில்லிமீற்றர். கடைக்காரர் எடுத்துத் தருவது உங்கள் அக்சிலுக்குப் பொருந்துமா என்று நின்ற இடத்திலேயே கணக்குப் பார்த்துவிடலாம். உங்களுடையது பழைய வாகனத்து அக்சில் என்பதால் இலக்கம் அங்குல வகையாகவும் இருக்கலாம். அதற்கு இந்தக் கணக்கு சரிவராது, இலக்கத்தை அப்படியே காட்டி வாங்குங்கள்.

பழைய கப்பைப் பின்பக்கமிருந்து பித்தளைக் கம்பியால் இடம் மாற்றி மாற்றித் தட்டினால் வெளியே வரும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்த உருக்கு சிறு துண்டாய்த் தெறிக்கும். புதுக் கப்பை முதல் நாள் இரவே பொலித்தீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் வைத்துவிட்டு, ஹப்பை வன்னி வெயிலில் இரண்டு மணித்தியாலம் காயவிடுங்கள். ஒன்று கொஞ்சம் சுருங்கும், மற்றது கொஞ்சம் விரியும், அடிப்பது எளிதாகும். பழைய கப்பைத் தலைகீழாக மேலே வைத்துத் தட்டினால் புதியதன் முகத்தில் சுத்தியல் படாது. அடி வரை போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறும், அங்கே நிறுத்துங்கள்.

அக்சில் முனையையும் மறக்க வேண்டாம். புதுக் கோன் கையாலேயே வழுக்கி ஏற வேண்டும், ஏறியபின் ஆடக் கூடாது. ஆடினாலோ, முனையில் ஆழமான வடு, நீலம் இருந்தாலோ அந்த அக்சிலுக்குப் புதுப் பெயாரிங் போட்டும் பயனில்லை. சீல் உதடு உட்காரும் இடத்தைத் துடைத்து, துருவிருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேயுங்கள்.

கிறீஸ் பூசுவதற்குக் கையைவிட நல்ல கருவியை நான் இன்னும் காணவில்லை. இடது உள்ளங்கையில் ஒரு தேசிக்காய் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். கோனின் அகன்ற பக்கத்தை அதன் விளிம்பில் வைத்து, உள்ளங்கையை நோக்கி அழுத்தி அழுத்தி இழுங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கிறீஸ் ரோலர்களுக்கிடையே ஏறி, மறுபக்கச் சிறு முனையில் இடியப்பம் பிழிந்த மாதிரி வர வேண்டும். சுற்றி முழுக்க அப்படி வந்தால்தான் நிரம்பியது. மேலே மட்டும் தடவிவிட்டால் உள்ளே காற்றுத்தான் இருக்கும். கப்பின் முகத்திலும் அக்சிலிலும் மெல்லியதாகப் பூசுங்கள். இரண்டு பெயாரிங்குக்கும் நடுவே உள்ள குழியை நிரப்ப வேண்டாம். சுவரில் துருப்பிடிக்காதபடி ஒரு பூச்சு போதும், மற்ற இடம் வெற்றிடமாகவே இருக்கட்டும்.

முதலில் உள் கோன், பிறகு சீல். சீலின் உதடும் அதைச் சுற்றியுள்ள சிறு ஸ்பிரிங்கும் பெயாரிங்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும். உதட்டில் ஒரு துளி கிறீஸ் தடவி, தட்டையான பலகையை வைத்துச் சீராகத் தட்டுங்கள். ஹப்பை நேராக ஏற்றுங்கள். சாய்ந்தால் அக்சிலின் திருகு உதட்டைக் கிழிக்கும்.

இப்போது நட். ஹப்பை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மற்றக் கையால் சாவியைப் பிடித்து இறுக்குங்கள். ஓர் அடி நீளமான சாவியின் நுனியில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று கிலோ பாரம் தொங்கினால் வரும் இறுக்கம் போதும். கம்பிங் ட்ரெயிலர் அக்சில் செய்பவர்கள் 50 அடி-இறாத்தல் என்று சொல்வது இதைத்தான். ரோலர்கள் தங்கள் இடத்தில் போய் அமர்வதற்குத்தான் இந்த இறுக்கம். இதிலேயே விட்டுவிடக் கூடாது. ஹப்பைச் சுழற்றாமல் நட்டை முழுதாகத் தளர்த்துங்கள். சாவியைக் கீழே வைத்துவிட்டு விரலால் மட்டும் முட்டும்வரை திருகுங்கள். கொட்டர் பின் போகும் அக்சில் துளையும் நட்டின் பள்ளமும் நேராக வராவிட்டால், இறுக்கும் பக்கம் போகாமல் தளர்த்தும் பக்கமாக அடுத்த பள்ளத்துக்குப் போய்ப் புதுக் கொட்டர் பின்னைப் போட்டு இரண்டு காலையும் மடியுங்கள். ஹப்பை உள்ளும் புறமும் அசைத்தால் மிகச் சிறிய ஆட்டம் தெரியும், 0.025 முதல் 0.25 மில்லிமீற்றர் வரை. எழுதும் தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், அதை நினைவில் வைத்தால் விரலுக்கு அளவு பிடிபடும். அந்தச் சிறு ஆட்டம் பிழையல்ல. ஓடிச் சூடேறி உருக்கு விரியும்போது அதற்கு வேண்டிய இடம் அது.

எந்தக் கிறீஸ் என்று கேட்டீர்கள். தகரத்தில் 'லித்தியம் கொம்பிளெக்ஸ்', 'என்எல்ஜிஐ 2' (கிறீஸின் கெட்டித்தன்மை எண்), சில்லுப் பெயாரிங்குக்கு உகந்தது என்ற மூன்றும் இருந்தால் வாங்குங்கள். சாதாரண லித்தியம் கிறீஸ் 190 பாகை செல்சியஸ் அளவில் உருகிச் சொட்டும். கொம்பிளெக்ஸ் ஏறத்தாழ 260 வரை தாங்கும். மலிவான கல்சியம் கிறீஸ் தண்ணீருக்கு நல்லது, ஆனால் 100 பாகை அளவிலேயே உருகிவிடும். அதை வில்லுத் தகட்டுக்கும் கொழுக்கிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நீலம், சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், அது வெறும் சாயம். ஒரு வகையோடு இன்னொன்றைக் கலக்கவும் வேண்டாம். சில வகைகள் சேர்ந்தால் இரண்டும் இளகி ஓடிவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில், 2002இல் ஏ9 பாதை திறக்கும்வரை, பழைய கிறீஸைச் சேலைத் துணியில் வடித்துத் திரும்பப் போட்டவர்கள் நாங்கள். அன்றைக்கு வேறு வழி இல்லை. இன்றைக்கும் அதைச் சிக்கனம் என்று தொடர்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. துணியில் வடிகட்டினால் மணல் நிற்கும், உருக்குத் தூள் நிற்காது.

மகன் சொன்னது பிழையல்ல. அங்கே சில அக்சில்களில் முனையிலேயே நிப்பிள் இருக்கும். அக்சிலுக்குள் துளையிட்டு, கிறீஸ் உள் பெயாரிங்கின் பின்னால் போய்ச் சேர்ந்து, அதையும் வெளிப் பெயாரிங்கையும் கடந்து, பழைய கிறீஸைத் தள்ளிக்கொண்டு முன்பக்கமாக வெளியே வரும்படி செய்திருப்பார்கள். சில்லைத் தூக்கிச் சுழற்றிக்கொண்டு மெதுவாக அடிக்க வேண்டும். 'பெயரிங் பட்டி' என்று விற்கும் ஸ்பிரிங் மூடி வேறு. படகு இறக்கும் பெட்டிகளுக்கென்று வந்தது அது. ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். ஸ்பிரிங் மூடி உள்ளே சிறு அழுத்தம் வைத்து அதைத் தடுக்கும். உங்கள் ஹப்பின் நடுவில் துளைத்த நிப்பிள் இந்த இரண்டு வேலையையும் செய்யாது. அதைக் கழற்றி, துளையில் ஒரு திருகாணியைப் போட்டு அடைத்துவிடுங்கள். வழியில் வாய்க்காலைக் கடக்க வேண்டி வந்தால், கால் மணித்தியாலம் நின்று ஹப் ஆறிய பிறகு இறங்குங்கள்.

காலக் கணக்கும் அங்குள்ளதும் இங்குள்ளதும் வேறு. 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முந்துகிறதோ அதற்குக் கழற்றிக் கழுவிப் பூச வேண்டும் என்பது அங்கே பொதுவான விதி. 12,000 மைல் என்றால் 19,000 கிலோமீற்றருக்கு மேல். நீங்கள் வருடத்தில் சில நூறு கிலோமீற்றர்தான் ஓடுகிறீர்கள், ஆகவே உங்களுக்கு மைல் பொருட்டல்ல, மாதம்தான். இந்தப் பெட்டியை ஓட்டம் கெடுப்பதைவிட நிற்றல்தான் கூடக் கெடுக்கும். மாரி முடிந்து மண் காய்ந்த பங்குனியில் ஒருமுறை முழுதாகக் கழற்றுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில், ஆடி ஆவணியில் மடு என்று எங்கே போவதானாலும் பெட்டி தயாராக இருக்கும். புரட்டாதி முடியுமுன் அக்சிலைக் கட்டையில் தூக்கி, சில்லு நிலத்தைத் தொடாமல் வையுங்கள். வெள்ளம் வந்தாலும் ஹப் மேலே நிற்கும். மாதம் ஒருமுறை பேரப்பிள்ளையைக் கொண்டு சில்லுகளைச் சுழற்றுவியுங்கள், ரோலர்கள் இடம் மாறி நிற்கும். ஏதாவது ஒரு மாரியில் மறுபடி மூழ்கினால், பங்குனி வரை காத்திராமல் தண்ணீர் வடிந்த அதே வாரம் கழற்றுங்கள்.

பாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ரோலர் பெயாரிங்கில் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிவிடும். தண்ணீர்த் தாங்கி 200 லீற்றர் என்றால் அதுவே 200 கிலோ. அதை வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு போக வேண்டாம், போய்ச் சேர்ந்தபின் நிரப்புங்கள். திரும்பி வரும்போது இடம் போதாமல் யாரையும் பெட்டியில் ஏற்றவும் வேண்டாம்.

புதுப் பெயாரிங் போட்டதும் முதல் 10 கிலோமீற்றரில் நிறுத்தி இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கும், அது சரி. ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், அல்லது கையை மூன்று விநாடி வைக்க முடியாவிட்டால், நட் இறுக்கம். ஆறவிட்டு ஒரு பள்ளம் தளர்த்துங்கள். அதற்குப் பிறகும் சூடேறினால் திரும்பி வந்துவிடுங்கள். தேநீருக்கு நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் இப்படித் தொட்டுப் பார்ப்பதை மருமகனுக்குப் பழக்குங்கள். பெட்டியின் மூலையில் பூசி வைத்த ஒரு சோடிப் பெயாரிங், ஒரு சீல், நாலு கொட்டர் பின், ஒரு சிறு தகரக் கிறீஸ், பலகையோடு ஜக் இருக்கட்டும். பாலம்பிட்டிப் பக்கத்துக் காட்டுப் பாதையில் இரவில் நின்றால் இவை இல்லாமல் விடியும்வரை நிற்க வேண்டி வரும்.

ஆவணித் திருவிழா வரும் ஓகஸ்ட் 15க்கு இன்னும் நாலைந்து வாரம் இருக்கிறது, வேலைக்கு ஒரு நாள் போதும். வலது ஹப்பையும் அதே நாளில் கழற்றுங்கள். அதுவும் அதே தண்ணீரில் நின்றதுதான், இன்னும் சத்தம் போடவில்லை அவ்வளவே. இடது உள் கோனைக் கழுவியபின் அது நீலமா, கறுத்த கோடா, வெறும் துருவா என்று எனக்கு எழுதுங்கள். நீலமென்றால் புதுப் பெயாரிங் வாங்குமுன் அக்சில் முனையைக் கடைசல் பட்டறையில் அளந்து பார்க்க வேண்டும்.